பட்டறை தந்த பட்டம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், ஆண்டுதோறும் நம் ஊர்களிலே ஒரு சந்தை கூடுகிறது. மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இந்தச் சந்தையிலே மதிப்பெண்ணைப் பிடித்துப் பார்க்கிறார்கள். நிறைய வாங்கியவனா, முதல் குரூப்பிலே சேர்! டாக்டராகலாம், இஞ்சினியராகலாம். கொஞ்சம் குறைந்தவனா, வணிகவியல் படி. வங்கியிலே குமாஸ்தாவாகவாவது உட்காரலாம். அதற்கும் குறைந்தவனா? திண்ணையிலே அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்பு வழங்குகிறார்: "பேசாமல் ஐ.டி.ஐ.யிலே தள்ளிவிடு!"

தள்ளிவிடு! அந்தச் சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே! கல்லூரியிலே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்திலே தள்ளுகிறார்கள். கல்லூரிக்குப் போகிறவனுக்குப் புதுச் சட்டை, பொட்டு, ஆசி. பயிற்சி நிலையத்துக்குப் போகிறவனுக்குப் பெருமூச்சு! "ஏதோ, கைத்தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும்" என்று இழுக்கிறார்களே, அந்த 'ஆவது' என்ற மூன்றெழுத்திலே எத்தனை இளப்பம் அடங்கியிருக்கிறது!

இப்படிச் சொல்பவர் யார்? மாளிகைவாசியா? மிட்டாதாரா? அவர்களிடம் இந்தப் பேச்சே எழாது; அவர்கள் வீட்டுப் பிள்ளை எத்தனை மதிப்பெண் குறைந்தாலும் காசைக் கொட்டி ஒரு கல்லூரியிலே இடம் வாங்க வழியுண்டு. சொல்பவர் நம்மவர். லேத்தின் முன்னே 25 ஆண்டு நின்று, விரல் இடுக்கிலே ஏறிய எண்ணெய்க் கறை எந்தச் சோப்புக்கும் போகாத நிலையிலே இருக்கிற பாட்டாளி! கொடியேற்று விழாவுக்கு முதல் ஆளாக வந்து கம்பம் நடுகிற தோழர்! அவருடைய வாயிலிருந்துதான் வருகிறது, "என் பிழைப்பு என்னோடு போகட்டும், என் பிள்ளையாவது நாற்காலியிலே உட்காரட்டும்" என்ற வார்த்தை. அவரைக் கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால், அந்த வார்த்தைக்குள்ளே ஒளிந்திருக்கும் பழைய நஞ்சைச் சுட்டிக்காட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பட்டறைக் கல்வி எளிதா? மண்டையிலே ஒன்றும் ஏறாதவனுக்கென்று ஒதுக்கப்பட்ட கல்வியா? பார்ப்போம்.

திருச்சிக்கு அருகே, திருவெறும்பூரிலே, 1960களிலே எழுந்த பாரத மிகுமின் நிறுவனம் கொதிகலன் செய்கிறது. அனல்மின் நிலையத்தின் இதயம் அது. அதன் குழாய்களுக்குள்ளே நீராவி சீறிப் பாய்கிறது. குழாயின் ஒட்டிலே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உயிருக்கே ஆபத்து. அந்த ஒட்டைப் போடுகிற வெல்டருக்கு வைக்கிறார்களே ஒரு தேர்வு, அதை நம் பட்டதாரி நண்பர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். குழாய்த் துண்டு ஒன்றை 45 பாகைச் சாய்விலே அசையாமல் பொருத்திவிடுவார்கள். திருப்ப அனுமதியில்லை. வெல்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். கீழே படுத்து, பக்கவாட்டிலே சாய்ந்து, மேலே குனிந்து, கை நடுங்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு வெல்டு வைக்க வேண்டும். முடிந்ததும், மனிதனின் நெஞ்சுக்கு எடுப்பது போல அந்த ஒட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி, ஒரு துளிக் கசடு, அளவு மீறித் தெரிந்ததோ, போச்சு! தேர்வாளரிடம் பல்லிளித்துப் பயனில்லை. சிபாரிசுக் கடிதம் செல்லாது. 'கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது' என்று மறியல் செய்யவும் வழியில்லை. எஃகு பொய் சொல்லாது!

அதோடு முடிந்ததா? இல்லை. கொதிகலன் வெல்டருடைய சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. காலம் தீர்ந்தால் மறுபடியும் தேறிக் காட்ட வேண்டும். பி.ஏ. பட்டம் பெற்ற பெரியவரை 20 ஆண்டு கழித்து அழைத்து, "ஐயா, அன்று எழுதிய பரீட்சையை இன்னொரு முறை எழுதிக் காட்டும்" என்று கேட்பாருண்டா? கேட்டால் எத்தனை பேர் தேறுவர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

ஃபிட்டர் படிப்புக்குச் சேர்கிற பையன் முதலிலே செய்வதென்ன? அரத்தைக் கையிலே கொடுத்து, ஓர் இரும்புக் கட்டியை வைஸிலே மாட்டி, "இதைச் சமமாக்கு" என்கிறார்கள். தேய்க்கிறான், நாளெல்லாம் தேய்க்கிறான், உள்ளங்கை கொப்பளிக்கிறது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்திலே பிடித்துப் பார்க்கிறார் பயிற்றுநர். மட்டத்துக்கும் இரும்புக்கும் இடையே கீற்று வெளிச்சம் தெரிந்தால், மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை 50 கூறாக்கி அதிலே ஒரு கூறை வெர்னியர் கருவியிலே படித்துச் சொல்லக் கற்கிறான் அந்தப் 'படிப்பு ஏறாத' பையன்! வரைபடம் படிக்கிறான்; கணக்குப் போடுகிறான்; இரும்பின் இயல்பை அறிகிறான். இதற்கு 2 ஆண்டு. இறுதியிலே அகில இந்தியத் தேர்வு. இத்தனைக்கும் பிறகு ஊரார் வைக்கும் பெயர், 'படிக்காதவன்'!

பெரம்பூரிலே 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து, 2018இல் ஒரு ரயில் வெளிவந்தது. பின்னர் வந்தே பாரத் என்று பெயர் சூட்டப்பட்ட ரயில் அது. ஏடுகள் எல்லாம் படம் போட்டுப் பாராட்டின. வரைந்தவர் பொறியாளர், மறுக்கவில்லை. அந்த அறிவுக்கு வணக்கம் செலுத்துகிறோம். ஆனால், அந்த வரைபடம் காகிதத்திலிருந்து எழுந்து தண்டவாளத்திலே ஓடியதே, ஓட வைத்த கரங்கள் எவருடையவை? ஃபிட்டரும், வெல்டரும், எலக்ட்ரீசியனும் இல்லாவிட்டால், அந்த ரயில் இன்றைக்கும் சுவரிலே ஆணியடித்து மாட்டிய படமாகத்தான் இருந்திருக்கும்.

மூளைக்கு மேலிடம், கைக்குக் கீழிடம் என்ற இந்தக் கணக்கை எழுதியது யார்? நாம் அறியாததா! தலையிலே பிறந்தவன் ஓதுவான், காலிலே பிறந்தவன் உழைப்பான் என்று வகுத்துவைத்த வர்ணாசிரமத்தின் வாரிசுதான் இது. ஓதுவது உயர்வு, உழுவது தாழ்வு. எழுதுகோல் மேல், ஏர்க்கால் கீழ். சுத்தியலைத் தொட்டவன் தீட்டு! நூற்றாண்டுக் கணக்கிலே ஊற்றப்பட்ட விஷம். பூணூலைக் கண்டித்து மேடையிலே முழங்குகிறோம். அதே கையோடு வீட்டுக்குப் போய், மகனுடைய தொழிற்சான்றிதழைப் பெட்டியின் அடியிலே வைத்து, பட்டம் பெற்றவனின் படத்தைக் கூடத்திலே மாட்டுகிறோமே, அந்தக் கூடத்துச் சுவரிலே கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பது எது?

சரித்திரத்தைப் புரட்டினாலோ, வேடிக்கை! சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857இல். அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்னே, 1850இல், டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையிலே கைத்தொழில் பள்ளியைத் தொடங்கிவிட்டார். எழும்பூரிலே இன்று கவின்கலைக் கல்லூரியாக நிற்பது அதன் வழிவந்ததே. கிண்டிப் பொறியியல் கல்லூரி என்கிறோமே, இடம் கிடைத்தால் ஊருக்கே இனிப்பு வழங்குகிறார்களே, அது பிறந்தது எப்படி? 1794இல், நிலம் அளக்கப் பையன்களைப் பழக்குவதற்காக வைத்த நில அளவைப் பள்ளியாக! சங்கிலி பிடிக்கக் கற்றுத்தந்த பள்ளி அது. பல்கலைக்கழகத்துக்கு 63 ஆண்டு மூத்த தொழிற்பள்ளி! பேரப்பிள்ளை மாடியிலே ஏறி நின்றுகொண்டு, பாட்டனைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கிற கதைதான்.

இந்த இறுமாப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்றொருவர். 1781இல் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளியின் மகன். 18 வயது வரையிலே எழுத்து வாசனை கிடையாது; பகலெல்லாம் இயந்திரத்தடியிலே உழைத்து, இரவுப் பள்ளியிலே எழுத்துக் கூட்டக் கற்றவர். அந்நாளிலே சுரங்கங்களுக்குள்ளே விஷவாயு சூழும். விளக்குச் சுடர் பட்டதும் வெடிக்கும். 1812இல் ஃபெல்லிங் என்ற சுரங்கத்திலே நடந்த ஒரே வெடிப்பிலே 92 பேர் மாண்டனர். சிறுவர்களும் அதிலே உண்டு. வெடிக்காத விளக்கு வேண்டும் என்று நாடே துடித்தது. ஸ்டீபன்சன் ஒரு விளக்கைச் செய்தார். செய்து, மேசையிலே வைத்து ரசிக்கவில்லை. 1815 அக்டோபரிலே, வாயு கசியும் சுரங்கத்துக்குள்ளே தானே அதைக் கையிலே ஏந்திப் போய்ச் சோதித்தார். தவறியிருந்தால் சாம்பல்!

அதே நேரத்திலே, சர் ஹம்ஃப்ரி டேவி என்ற பெரும் விஞ்ஞானி, வேறொரு முறையிலே ஒரு விளக்கை உருவாக்கி ராயல் சொசைட்டியிலே எடுத்துக்காட்டினார். அவரும் மேதைதான். சுரங்க முதலாளிகள் அவருக்கு 2,000 பவுன் பரிசு தந்தனர். ஸ்டீபன்சனுக்கு? 100 கினி! அதுமட்டுமா? 'எழுத்தறிவு ஏழ்மையான ஒரு சுரங்கக் கூலிக்கு இந்த யோசனை எப்படித் தோன்றும்? டேவியிடமிருந்து திருடியிருப்பான்' என்று பழி கிளம்பியது. ஏழையின் மூளையிலே ஒளி தோன்றினால், அது திருட்டு வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டுமாம்! நியூகாசில் வட்டாரத்து மக்கள் பொறுக்கவில்லை. பணம் திரட்டி, 1,000 பவுன் சேர்த்து, "இது எங்கள் மனிதனுக்கு" என்று கொடுத்தனர். 1833இல், பாராளுமன்றக் குழு ஒன்று ஆராய்ந்து, அந்தக் கண்டுபிடிப்பிலே ஸ்டீபன்சனுக்கும் டேவிக்கும் சமபங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. 18 ஆண்டு பிடித்தது, ஒரு பாட்டாளி திருடன் அல்லன் என்பதை ஒப்புக்கொள்ள! அதற்குள்ளே அந்தப் பாட்டாளி, லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 1830இல் ரயிலையே ஓடவிட்டிருந்தார். அந்த ரயில் கடல் கடந்து வந்து, 1856இல் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது.

இனி, நம் நெஞ்சைத் தொடும் இடத்துக்கு வருவோம்.

"தொழிற்கல்வியைப் போற்றுங்கள் என்கிறீர்களே, குலக்கல்வியை எதிர்த்தவர்கள் நீங்கள்தானே?" என்று மாற்றுமுகாம் மேதாவிகள் கேட்கக்கூடும். கேட்கட்டும். நன்றாக நினைவிருக்கிறது நமக்கு! 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்தார் ஒரு திட்டம். கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளிலே 3 மணி நேரம் மட்டும் பாடம். மிச்ச நேரத்துக்கு, வீட்டிலே தகப்பன் செய்கிற தொழிலைக் கற்கட்டும் என்றார். நகரத்துப் பிள்ளைக்கு இல்லை அந்தத் திட்டம், கிராமத்துப் பிள்ளைக்கு! வண்ணார் மகன் வெளுக்கட்டும், நாவிதர் மகன் சவரக் கத்தி தீட்டட்டும், தோட்டியின் மகன்...? எழுதவே கை கூசுகிறது. பெரியார் கிளர்ந்தெழுந்தார், கழகம் மும்முனைப் போராட்டத்தை நடத்திற்று, தடியடியும் சிறையும் கண்டனர் தோழர்கள். 1954இலே ஆச்சாரியார் பதவியிலிருந்து விலகினார், காமராசர் முதல்வரானார், அதே ஆண்டு மே திங்களிலே திட்டம் குழிதோண்டிப் புதைக்கப்பட்டது.

அன்று நாம் எதிர்த்தது எதை? உளியையா? தறியையா? சக்கரத்தையா? அவை நம் பாட்டன் தொட்ட பொருள்கள். அவற்றின் மீது நமக்கென்ன பகை! பிறப்பைப் பார்த்துப் பிள்ளையின் கையிலே கருவியைத் திணித்தார்களே, அந்தத் திணிப்பைத்தான் எதிர்த்தோம். தச்சர் மகன் மருத்துவனாகட்டும். அர்ச்சகர் மகன் வெல்டராகட்டும். இரண்டும் நடக்கிற நாட்டிலே தொழிற்கல்வி அறிவுக் கல்வி. முதலாவது நடக்கக்கூடாது, இரண்டாவது நடக்கவே நடக்காது என்ற நாட்டிலே, அதற்குப் பெயர் குலக்கல்வி!

ஆகவேதான், தொழிற்கல்வியைப் பற்றி யாராவது தேன் ஒழுகப் பேசினால், நாம் முதலிலே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "யாருடைய பிள்ளைக்கு?"

தில்லி மண்டபங்களிலே கூடுகிறார்கள் கனதனவான்கள். "எல்லோரும் பட்டம் பட்டம் என்று அலைகிறார்கள், நாட்டுக்கு வேண்டியது திறன், கைத்திறன்" என்று உபதேசிக்கிறார்கள். கேட்க இனிக்கிறது. பேசி முடித்து வீட்டுக்குப் போகிறவருடைய மகன் எங்கே? அமெரிக்காவிலே மேற்படிப்பு! மகள்? லண்டனிலே ஆராய்ச்சி! திறன் தேவைப்படுவது எவர் பிள்ளைக்கென்றால், மண்டபத்திலே நாற்காலி துடைத்தவர் பிள்ளைக்கு.

2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, 6ஆம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குத் தொழில் அறிமுகம் என்கிறது. 10 நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் போய்ப் பழகட்டும் என்கிறது. பட்டணத்துப் பணக்காரப் பள்ளியிலே அது 10 நாள் பொழுதுபோக்கு. மண்பானை செய்து, படம் பிடித்து, பாட்டிக்கு அனுப்புவார்கள். குயவர் வீட்டுப் பிள்ளைக்கு? 10 நாள் என்பது பத்தாண்டாக நீளாது என்பதற்கு உத்தரவாதம் என்ன? 2023 செப்டம்பரிலே ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டமோ, 18 தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்ப வழியாக வரும் தொழிலென்றும், குரு-சிஷ்ய பரம்பரையென்றும் பேசிற்று. 18 வயது நிரம்பியவன் சேரலாம் என்றது. கல்லூரி வாயிலிலே கால் வைக்கிற வயதல்லவா அது! தமிழ்நாடு அதை அந்த வடிவிலே ஏற்க மறுத்தது; குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக்கு என்று 2024இல் எழுதிற்று; எந்தத் தொழிலையும் எவரும் செய்யலாம் என்ற அடிப்படையிலே தனியாகக் கைவினைத் திட்டம் வகுத்தது. சரியான செயல் அது.

"ஐ.டி.ஐ. வேண்டாம்" என்று ஒரு தாய் தலையாட்டுகிறாளே, அந்த அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பட்ட அடியின் நினைவு அது. கருவியைத் தொட்டால் மறுபடியும் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற நடுக்கம். அவளைப் பார்த்து, "பட்ட மோகம்" என்று பரிகசிப்பவர் எவராயினும், அவர் பட்டம் பெறப் போராட வேண்டிய தலைமுறையிலே பிறக்காதவர். பொறியியல், மருத்துவக் கல்லூரிகளிலே நம் பிள்ளைகளுக்கு இடம் தந்த வகுப்புரிமை ஆணையை நீதிமன்றம் செல்லாதாக்கியபோது, தமிழ்நாடு கொதித்தெழுந்து, 1951இல் அரசியல் சட்டத்தையே முதன்முதலாகத் திருத்த வைத்தது. அப்படி வாங்கிய பட்டம் இது! 2021-22ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டிலே உயர்கல்வி சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டிலே 47. அந்த 47ஐக் குறைத்து, மிச்சத்தைப் பட்டறைக்கு அனுப்பு என்று எவன் சொன்னாலும் அவன் நம் எதிரி.

அப்படியானால் நாம் கேட்பது என்ன? பட்டறைக்குள் போகிறவனுக்குப் பின்னாலே கதவைச் சாத்தாதே என்கிறோம். உள்ளே போகிற கதவு மட்டும் இருந்தால் அது சிறை. மேலே போகிற படியும் இருந்தால்தான் அது பள்ளி.

படி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டோம். கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கிய காலத்திலே, சான்றிதழ் வாங்கியவன் ஆலை வாயிலோடு நின்றான். இன்று, பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கிலே நேரே இரண்டாம் ஆண்டிலே சேரலாம். பட்டயம் பெற்றவன் பொறியியல் கல்லூரியிலே நேரே இரண்டாம் ஆண்டிலே சேரலாம். எட்டாம் வகுப்போடு வந்து ஐ.டி.ஐ. முடித்தவன், மொழித் தேர்வு மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்பு முடித்து வந்து 2 ஆண்டுப் பயிற்சி பெற்றவன், அதேபோல மொழித் தேர்வு எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம். ஆக, அரம் பிடித்தவன் பொறியியல் கல்லூரி வரைக்கும் நடந்து போக வழி இருக்கிறது! எத்தனை பேருக்குத் தெரியும்? நம் கிளைக் கழகங்களிலே எத்தனை செயலாளர்களுக்குத் தெரியும்? தெரியாத படி, கட்டாத படிதான்.

2022இல், 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுக்கருவிகளோடு உயர்த்த 2,877 கோடி ரூபாயிலே தமிழ்நாட்டிலே திட்டம் வந்தது. இயந்திர மனிதக் கரங்களும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களும் வந்தன. அதே 2022 செப்டம்பரிலே தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியிலே படித்து வந்த பெண், பட்டப்படிப்பிலே சேர்ந்தாலும், பட்டயப் படிப்பிலே சேர்ந்தாலும், தொழிற்பயிற்சியிலே சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் என்றது. அரசாங்கக் கருவூலம் மூன்றையும் ஒரே வரியிலே எழுதிற்று. கல்யாண வீடு மட்டும் மூன்றையும் மூன்று பந்தியிலே உட்கார வைக்கிறது! (அந்த மூன்றாவது வழியிலே, வெல்டிங் கவசம் அணிந்து நிற்கும் பெண்களை விரல் விட்டு எண்ணலாம் என்பது தனிக் கதை. தையலும் கணினியும் போதும் பெண்ணுக்கு என்று தடுப்பவர், பயிற்சி நிலைய வாயிலிலே அல்ல, வீட்டு வாசலிலே நிற்கிறார்.)

ஆலைக்குள்ளே நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரிலே மதிப்பில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். சட்டத்திலே மதிப்பு எப்படி? பயிற்சியாளர் சட்டம் 1961இலே வந்தது. அதன் 18ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுபவன், தொழிலாளி அல்லன். தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா. கற்கிற காலத்துக்கு அது நியாயம் என்று வாதிடலாம். ஆனால், சில முதலாளிமார் அதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தை நம் தொழிற்சங்கத் தோழர்கள் அறிவார்கள். நிரந்தரத் தொழிலாளி நிற்க வேண்டிய இயந்திரத்திலே அப்ரண்டிஸை நிறுத்துவது. முழு ஷிப்ட் வேலை வாங்குவது. கையிலே உதவித்தொகை என்று சொற்பத்தை வைப்பது. காலம் முடிந்ததும் "போய் வா தம்பி" என்று அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டுப் பையன்களை அழைத்துக்கொள்வது! வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அச்சட்டத்திலே இல்லை. பையன் ஊருக்குத் திரும்புகிறான். திண்ணைப் பெரியவர் வெற்றிலையோடு தயாராக இருக்கிறார்: "அப்போதே சொன்னேனே, ஐ.டி.ஐ. படித்தவனுக்கு ஏது வேலை?" படிப்பின் மீது பழி, படிப்பைச் சுரண்டியவன் மீது பழியில்லை!

இந்தச் சுரண்டல் ஒழியாமல், 'கைத்தொழில் போற்றுதும்' என்று எத்தனை விழா எடுத்தாலும் பாட்டாளி நம்பமாட்டான், நம்பவும் கூடாது. மதிப்பு என்பது மாலையிலே இல்லை. சம்பளச் சீட்டிலே இருக்கிறது. பதவி உயர்விலே இருக்கிறது. இயந்திரத்தின் மூச்சை வைத்தே அதன் நோயைச் சொல்லக்கூடிய 30 ஆண்டு அனுபவசாலிக்கு, போர்மன் நாற்காலிக்கு மேலே வழி கிடையாது. நேற்று வந்த பட்டதாரி இளைஞனுக்கு அங்கேதான் தொடக்கம். அந்த இளைஞன் மீது நமக்குச் சினமில்லை. அவனும் நம் வீட்டுப் பிள்ளை. அவனோடு பட்டம் வாங்கியவன் ஒருவன், உணவுப் பொட்டலத்தை முதுகிலே சுமந்து மோட்டார் சைக்கிளிலே பறந்துகொண்டிருக்கிறான் என்பதையும் அறிவோம்.

ஜெர்மனி நாட்டைப் பாருங்கள். அங்கேயும் முதலாளிகள் இருக்கிறார்கள். அது சொர்க்கம் என்று நாம் கூறவில்லை. ஆனால், பையன் வாரத்திலே சில நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள் ஆலையிலும் கற்கிற முறையை 1969இலே சட்டமாக்கிவிட்டார்கள். பயிற்சி முடித்து, அனுபவம் பெற்று, அதற்கும் மேலே கடுமையான தேர்விலே தேறுகிறவனை 'மைஸ்டர்' என்கிறார்கள். நம் தமிழிலே ஆசான் எனலாம். 2013இல் அந்நாடு வகுத்த கல்வித் தகுதிப் படிநிலையிலே மைஸ்டருக்கு 6ஆம் நிலை; பல்கலைக்கழக இளங்கலைப் பட்டதாரிக்கும் அதே 6ஆம் நிலை! 2020 முதல், மைஸ்டருக்கு 'பேச்சிலர் புரொபஷனல்' என்ற பெயரையும் சட்டப்படி வழங்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2013இலே திறன் தகுதிக் கட்டமைப்பு என்று படிநிலை ஒன்றை அறிவித்தார்கள். காகிதத்திலே நிலைகள் உண்டு. அந்தக் காகிதத்தைக் காட்டி, கொத்தனார் ஒருவர் எந்த அலுவலகத்திலே எந்த நாற்காலியைக் கேட்க முடியும்? கேட்டால் சிரிப்பார்கள்.

எனவே, நம் தொழிற்சங்கங்கள் பேரம் பேசும் மேசையிலே கூலி உயர்வோடு இதையும் வைக்க வேண்டும்: அப்ரண்டிஸ் முடித்தவருக்கு அதே ஆலையின் காலியிடத்திலே முன்னுரிமை, சான்றிதழும் அனுபவமும் உள்ளவருக்கு அதிகாரி நிலை வரை தேர்வெழுதி உயரும் உரிமை. போனஸ் கேட்டுப் போராடத் தெரிந்த நமக்கு, படி கேட்டுப் போராடத் தெரியாதா?

முதலாளியிடம் கேட்பது அது. நம்மிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. சுயமரியாதைத் திருமணம் என்று அழைப்பிதழ் அச்சிடுகிறோம். மணமகன் பெயருக்குப் பின்னே பி.ஏ., பி.இ. என்று போடுகிறோம். ஐ.டி.ஐ. தேறிய மணமகனுக்கு அந்த இடத்தை வெறுமையாக விடுகிறோம். ஏன்? 'இரா. முருகன், ஃபிட்டர்' என்று அச்சிட்டால் மை ஒட்டாதா? அச்சுக் கோத்த கையும் தொழிலாளியின் கைதானே! நம் மாநாட்டுப் பந்தலிலே ஒலிபெருக்கி கட்டுகிறவர், விளக்கு வரிசை போடுகிறவர், மேடைக்கு இரும்புத் தூண் பற்றவைக்கிறவர் ஆகியோருக்கு மேடையிலே எப்போது இடம் தந்தோம்? 'பட்டதாரி அணி' அமைத்தோம், நன்று. பட்டறைத் தோழர்கள் எந்த அணியிலே?

அடுத்த சேர்க்கைக் காலம் வருமுன்னே, கிளைதோறும் ஒரு காரியம் நடக்க வேண்டும். நம் படிப்பகங்களிலே மாலையிலே விளக்கு எரிகிறது. நாளேட்டைப் புரட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த விளக்கின் கீழே ஒரு கரும்பலகை வைப்போம். ஐ.டி.ஐ. படிக்கிற பிள்ளைகளும், படித்து முடித்து ஆலையிலே நிற்கிற இளைஞர்களும், எழுத வேண்டிய தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளுக்கு அங்கே பாடம் நடக்கட்டும். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை எப்போது, விண்ணப்பம் எங்கே என்ற விவரத்தைப் பெரிய எழுத்திலே எழுதி வாயிலிலே ஒட்டுவோம். கற்றுத்தர ஆள்? நம் பட்டதாரித் தோழர்கள் இருக்கிறார்களே! வாரத்திலே இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம். முன்வருகிற பட்டதாரித் தோழர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளைச் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள். கரும்பலகைக்குச் சட்டம் அடித்து, சுவரிலே மாட்டித் தரும் வேலையை நம் தச்சுப் பட்டறைத் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள்.